சிட்னியிலிருந்து நாகலாபுரத்துக்கு

அய்யா இறந்துபோன செய்தி வந்தபோது சுந்தரபாண்டியன் மதுரையில், எங்கள் ஓட்டல் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். நான் அங்கே புரோட்டா மாஸ்டர். வாட்ஸ்அப்பில் அவன் தங்கச்சி பிரேமலதா அழுதது எனக்கும் கேட்டது.

"அண்ணே, நீ வந்து கொள்ளி வைக்கணும்னு ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம். சிட்னியில இருந்து எப்ப வந்து சேருவ?"

"நாளைக்கு மத்தியானம்" என்றான் பாவி.

நாகலாபுரம் மதுரையிலிருந்து இரண்டு மணி நேரம்தான். ஆனால் ஊரைப் பொறுத்தவரை அவன் சிட்னியில் இருக்கிறான். போனது நிஜம். ஊரே ஃப்ளெக்ஸ் வைத்து, மாலை போட்டு அனுப்பியது. ஐந்தே மாதத்தில் வேலை போய்த் திரும்பினான். ஃப்ளெக்ஸில் சிரித்த அதே மூஞ்சியோடு ஊருக்குள் எப்படிப் போவது என்று மதுரையோடு நின்றுவிட்டான்.

"ஏலே, கூறுகெட்டவனே! பெத்த அய்யாடா. இப்பவே கிளம்பு" என்று கத்தினேன்.

"இப்ப போனா எப்படி வந்தேன்னு கேப்பாவ அண்ணாச்சி. அய்யா பொணத்துக்கு முன்னால அசிங்கப்படச் சொல்லுதீங்களா?"

செல்போனில் தேடிப் பார்த்தான். ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். சிங்கப்பூரில் விமானம் மாறி, காத்துக்கிடந்து, மதுரை வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள். விமானத்தில் இருப்பவன் போனை எடுக்கக் கூடாதே என்று அதையும் அணைத்துவிட்டான். பக்கத்து லாட்ஜில் சொல்லி சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்தது நான்தான். திட்டிக்கொண்டே ஒத்தாசையும் செய்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் நானும் கூடப் போனேன். உச்சி வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வீட்டு முன்னால் பந்தல் இருந்தது. அய்யா இல்லை.

பிரேமலதா ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். "நேத்து சாயங்காலமே கரண்டு போயிட்டுண்ணே. ஐஸ் பெட்டி நின்னுட்டு. இந்த வெக்கைக்கு எப்படி வைக்க? உனக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தோம். பிளேன்ல இருப்பேன்னுட்டாவ. காலையில சித்தப்பா மவன்தான் கொள்ளி வச்சான்."

"அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தும் மொகம் பாக்கக் குடுத்து வைக்கலையே" என்று ஊரார் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் அவன் கையிலிருந்த இரவல் பெட்டியை மரியாதையாக வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சுந்தரபாண்டியன் தலை நிமிரவே இல்லை.

"அம்மாதான் கேக்கவே மாட்டேன்னுட்டா" என்றாள் பிரேமலதா. "'எடுக்காதீய, எம்மவன் நேரத்தோட வந்துருவான்'னு நேத்துப் பூரா வாசல்லயே கெடந்தா. துக்கத்துல பெனாத்துதான்னு நெனச்சோம்."

அவன் அம்மா ஆவுடைத்தாய் உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். காலடியில் விழுந்தவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவனுக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"போன மாசம் கண்ணு காட்டப் போனப்ப, உங்கய்யா உன்னைய அந்த ஓட்டல்ல பாத்துட்டாவ. 'பய வெக்கப்படுவான், யார்ட்டயும் சொல்லிராத'ன்னாவ. நானும் சொல்லல."

முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"ஏன்யா, மதுரையில பஸ்ஸா கெடைக்கல?"