பாத்தி, பதினொரு நிமிடம்

திரும்புகிறதா இல்லையா என்றே தெரியாதபடி சிந்தசைசரின் அந்தத் திருகு திரும்பிக்கொண்டிருக்கிறது, ரீத்தாவின் இரண்டு விரல்கள் அதைப் பிடித்திருக்கின்றன, எப்போதோ வைத்த மருதாணி நகத்தின் நுனியில் மட்டும் சிவந்து நிற்கிறது, அவளுடைய இடது கை நாலு கட்டைகளை அழுத்தியபடி அசையாமல் கிடக்கிறது, அந்த நாலு சுரங்களும் முதலில் தண்ணீருக்கடியிலிருந்து வருகிறவை போல மங்கலாக இருந்து, பிறகு, எந்த நொடியில் என்று சொல்லவே முடியாமல், வெளிச்சத்துக்கு வருகின்றன, நான் ரெக்கார்டரின் முள்ளைப் பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன், மின்விசிறியை நிறுத்திவிட்டோம், இல்லையென்றால் அதன் கடகடப்பும் பதிவாகிவிடும், தூத்துக்குடியின் மதியம் மூன்று மணி, உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் பக்கத்து அறை, எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் காலிச் சாக்குகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம், அவளுடைய தாடையிலிருந்து ஒரு சொட்டு வியர்வை வெள்ளைக் கட்டையின் மேல் விழுகிறது, அவள் அதைத் துடைக்கவில்லை, கண்ணைக்கூடத் திறக்கவில்லை, சில நாள் கனவில் அந்த அறைக்கு நான் திரும்பிப் போகும்போது அவள் இருந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், திருகு என் விரல்களில் இருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை, விழித்துப் பார்த்தால் அறுபது வயதுக் கை, போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் மூன்று பேர், அதை முதலில் சொல்லிவிடவேண்டும், எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட இத்தனை வருடம் ஆகியிருக்கிறது, மூன்று பேர். பெர்க்மான்ஸ் மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி, ரீத்தா அவனுடைய தங்கை, தொண்ணூற்றொன்றில் அவளுக்கு இருபது வயது, நான் மார்க்கெட் பக்கம் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன், கப்பலில் வேலை பார்த்த அவர்கள் மாமா ஜப்பானிலிருந்து ஒரு சிந்தசைசரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போக, ஒரே வருடத்தில் அது ஊமையாகிவிட்டது, பெர்க்மான்ஸ் அதைப் போர்வையில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தான், திறந்து பார்த்தேன், உள்ளே பச்சைப் பலகை முழுக்க உப்பு பூத்திருந்தது, பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்து நாலு நாள் துடைத்தேன், ஐந்தாம் நாள் அது பேசியது, பெர்க்மான்ஸ் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு காதை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டான், பிறகு, ஏலே, இதுல சினிமாப் பாட்டு வாசிக்கிறது பாவம்லே, இதுக்குன்னு ஒரு சத்தம் இருக்கு, அதைப் புடிக்கணும் என்றான். அப்படித்தான் ஆரம்பித்தது. குழுவுக்குக் கச்சான் என்று பேர், உப்பைக் காயவைக்கிற மேல்காற்றின் பேர், ஒலிநாடாவுக்கு அளம் என்று பேர், எங்கள் ஊர் உப்பளம்தான், ஏழு துண்டுகள், ஒன்றிலும் ஒரு வார்த்தை கிடையாது, பாடகன் கிடையாது, தபேலா கிடையாது, அளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் தாளத்தை நான் ஒரு சர்க்யூட்டில் கட்டிக் கொடுத்தேன், அதன்மேல் பெர்க்மான்ஸ் மெட்டுகளைப் போட்டான், நன்றாகத்தான் இருந்தது, இன்றைக்குக் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்கிறவன் காதில் அது நின்றது, உள்ளே போகவில்லை.

ரீத்தா சாவியோடு வருவாள். அவர்கள் அப்பா அந்தக் கிட்டங்கிக்கு வாட்ச்மேன், மத்தியானம் அவர் தூங்கும் நேரத்தில் அறையைத் திறந்துவிடவும் பூட்டவும் மகளை அனுப்புவார், அவள் மூலையில் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள், ஒருநாள் நாங்கள் வெளியே டீ குடித்துவிட்டு வந்தபோது அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம், நாங்கள் இரண்டு பேருமே வாசலில் நின்றுவிட்டோம், நாலே சுரம், அதிலேயே வானம் நிறம் மாறிக்கொண்டிருந்தது, எங்களைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள், பெர்க்மான்ஸ், எப்படிட்டீ செஞ்ச என்று கேட்டான், அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள், பாத்தில தண்ணி உப்பா மாறுறது யாரு கண்ணுக்காவது தெரியுதா, காலையில தண்ணியா இருக்கும், பொறவு பாத்தா வெள்ளையா கெடக்கும், எப்ப மாறுச்சின்னு சொல்ல முடியாதுல்ல, அப்பிடித் திருப்பிப் பாத்தேன். அவ்வளவுதான் அவளுடைய சங்கீதப் படிப்பு. மறுநாளே பதிவு செய்தோம், பதினொரு நிமிடம், ஒரே தடவையில், பாத்தி என்று அதற்குப் பேர் வைத்தவளும் அவள்தான், முடிந்ததும் டேப்பைச் சுற்றிவிட்டு மறுபடி கேட்டோம், பெர்க்மான்ஸ் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்கிடையில் தலையை வைத்துக்கொண்டிருந்தான், நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, மக்கா, இந்தக் கேசட்டுல இது ஒண்ணுதாம்லே இருக்கு, நீயும் நானும் சும்மா மாரடிச்சிருக்கோம் என்றான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான், சந்தோஷமாகத்தான் சொன்னான், நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பு என் முகத்தில் எப்படி உட்கார்ந்திருந்தது என்று எனக்கு இன்றும் தெரியும், நாலு நாள் பலகையைத் துடைத்தவன் நான், சர்க்யூட் கட்டியவன் நான், பத்து மாதம் அந்த வெக்கையில் நின்றவன் நான், சாவி கொண்டுவந்த பெண் பதினொரு நிமிடத்தில் அத்தனையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கேசட் அட்டை அச்சடிக்கச் சிவகாசிக்கு நான்தான் போனேன். பெர்க்மான்ஸ் ஒரு தாளில் மூன்று பேரையும் அழகாக எழுதிக் கொடுத்திருந்தான், ரீத்தாவின் பேரை முதலில், பஸ்ஸில் அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது, கோவில்பட்டி தாண்டியபோது எடுத்துப் படித்தேன், சாத்தூரில் இன்னொரு தடவை, அச்சகத்து மேஜையில் பேனா வாங்கி ஒரு கோடு போட்டேன், அங்கிருந்தவர், ரெண்டு பேருதானா சார் என்று கேட்டார், ஆமா, ரெண்டு பேருதான் என்றேன், எவ்வளவு லேசாக இருந்தது அதைச் சொல்வது, திரும்பி வரும்போது பசித்தது, சாத்தூரில் இறங்கிப் புரோட்டா சாப்பிட்டேன், ருசித்துச் சாப்பிட்டேன். அட்டையைப் பார்த்த ரீத்தாவிடம், இடம் பத்தலைன்னுட்டான்மா அச்சாபீஸ்காரன் என்றேன், அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் பாதிக்கு மேல் வெறும் நீல நிறம், ஒன்றுமே அச்சடிக்காத நீலம், பரவால்லண்ணே என்றாள். பெர்க்மான்ஸ் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்போம், சமாதானம் ஆகியிருப்போம். கேசட்டை யாரும் வாங்கவில்லை, வாங்கிய ஒருவர் கடைக்குத் திருப்பிக்கொண்டு வந்து, மியூசிக் மட்டும்தான் வருது, பாட்டு பதிவாகலை, வேற பீஸ் குடுங்க என்று கேட்டாராம், ஒரு பல் டாக்டர் மட்டும் தன் கிளினிக்கில் ரொம்ப நாள் போட்டுக்கொண்டிருந்தார், பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்தபடி ரீத்தாவைக் கேட்டார்கள். பெர்க்மான்ஸ் சிந்தசைசரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான், பிறகு மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் வாசிக்கப் போனான், லீவில் வந்தால் தெருவில் பார்த்துத் தலையசைப்பான், ஐந்து வருடத்துக்கு முன்னால் அங்கேயே மாரடைப்பில் போய்விட்டான், பெட்டியில் கொண்டுவந்தார்கள், நான் கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் நின்றேன், ரீத்தா கணவனோடும் மகளோடும் மணப்பாட்டிலிருந்து வந்திருந்தாள், என்னிடம் வந்து, சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து பிரணவ் என்று ஒருவன் போன் செய்தான், பழைய ஒலிநாடாக்கள் சேகரிப்பவன், முப்பது வயது இருக்கும், நடைபாதைக் கடையில் அளம் கிடைத்ததாகவும் அதை இணையத்தில் ஏற்றியதாகவும் எங்கெங்கோ இருந்து ஆட்கள் கேட்பதாகவும் மூச்சுவிடாமல் சொன்னான், சார், நீங்க அந்தக் காலத்துலயே இதைப் பண்ணிருக்கீங்க சார் என்றான், முப்பது வருடமாக என்னை யாரும் அந்தக் குரலில் சார் என்று கூப்பிட்டதில்லை, கடை போய்விட்டிருந்தது, மனைவி போய்விட்டிருந்தாள், நான் ஒரு செல்போன் கடையின் ஓரத்தில் உட்கார்ந்து சார்ஜர் பின் மாற்றிக்கொண்டிருந்தேன். வீடியோவில் பேட்டி எடுத்தான், கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, பம்புச் சத்தம் எப்படி, கிட்டங்கி எங்கே, சாக்கு எதற்கு, எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னேன், கடைசியில்தான் அதைக் கேட்டான், சார், பாத்தி, அந்த மெதுவான மாற்றம், அதைக் கேட்டு அழுதேன்னு எத்தனை பேர் எழுதியிருக்காங்க தெரியுமா, அது யாரோட கை, உங்களோடதா பெர்க்மான்ஸ் சாரோடதா. திரையின் ஓரத்தில் என் முகம் சின்னதாகத் தெரிந்தது, அது வாயைத் திறந்து, என்னோடதுதான் தம்பி என்றது. பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை, கனவில் அந்தத் திருகு என் கையில்தானே இருந்தது.

பிறகு ஒரு நிகழ்ச்சி, சென்னையில் ஒரு சிறிய அரங்கம், ஞாயிற்றுக்கிழமை மாலை, பாத்தியை நீங்க மேடையில நேரடியா வாசிக்கணும் சார் என்றான் பிரணவ். ஒரு மாதம் முயன்றேன், அவன் அனுப்பிய புது சிந்தசைசரில் அதே நாலு கட்டை, அதே திருகு, என் கை திருப்பும்போதெல்லாம் திருப்புவது கேட்டது, வேறெப்படிச் சொல்வது, தண்ணீர் உப்பாகவில்லை, யாரோ தண்ணீரில் உப்பைக் கொட்டினார்கள். மணப்பாட்டுக்குப் பஸ் ஏறினேன். ரீத்தா சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், நரைத்துவிட்டாள், என்னைப் பார்த்ததும், வாங்கண்ணே என்று உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தாள், அலமாரிக்குப் பக்கத்தில் மேஜைமேல் போர்வை போட்டு மூடி நீளமாக ஒன்று கிடந்தது, அது என்ன என்று எனக்குத் தெரிந்தது, நான் எப்படி ஆரம்பிப்பது என்று டம்ளரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவளே சொன்னாள், மக உங்க பேட்டியைப் போட்டுக் காட்டுனா. நான் டம்ளரைக் கீழே வைத்தேன். ஏண்ணே, அட்டையிலதான் இடம் பத்தலைன்னீங்க, இதுலயும் இடம் பத்தலையோ. குரல் உயரவில்லை, பிள்ளைகளிடம் கணக்குக் கேட்பது போலக் கேட்டாள், நான் தப்புத்தான்மா என்றேன், தப்புன்னா தெரியாமச் செய்றதுண்ணே என்றாள். நான் அழுதேன் என்று நினைக்கிறேன், சென்னைக்கு வா, நீ வாசி, எல்லார் முன்னாலயும் நான் சொல்லிர்றேன் என்றேன், அவள் எழுந்து போர்வையை விலக்கினாள், ஸ்விட்சைப் போட்டாள், நின்றபடியே நாலு கட்டைகளை அழுத்தினாள், வலது கை திருகுக்குப் போனது, ஜன்னலுக்கு வெளியே மீன் விற்கிறவள் கூவிக்கொண்டு போனாள், அந்தக் கூவலும் சத்தத்துக்குள் போய்க் கரைந்தது, இருபது வயதா ஐம்பத்துமூன்று வயதா என்று தெரியாத ஒரு முகம், நடுவில், சரியாக வெளிச்சம் வரப்போகிற இடத்தில், கையை எடுத்துவிட்டாள். இம்புட்டுத்தான், நீங்க வாசிச்சதுதான, கைக்கு வந்துரும் என்றாள். மறுபடி போர்வையை இழுத்து மூடினாள். நான் வந்தா ஊரே உங்களைப் பொய்யன்னு பேசும், அதைப் பாக்க எனக்கு ஆசை இல்ல, உங்களுக்கே சொல்லணும்னு இருந்தாச் சொல்லுங்க, அதுக்கு நான் எதுக்கு. பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள், பையில் நாலு பனங்கிழங்கு வைத்துக் கொடுத்தாள், அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

மேடையில் நான் வாசிக்கவில்லை. பழைய பதிவை ஓடவிட்டு, சத்தம் அணைத்த சிந்தசைசரின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எதிரே இருநூறு பேர், கண்ணை மூடிக்கொண்டு, சிலர் கன்னத்தில் கண்ணீர், தூத்துக்குடியின் வெயில் அந்தக் குளிர்ந்த அரங்கத்துக்குள் வந்து இறங்கியது, சாக்கின் வாடை எனக்கு அடித்தது, பதினொரு நிமிடமும் நான் திருகைத் திருப்பினேன், அது எதையும் மாற்றவில்லை, முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள், பிரணவ் மைக்கை என்னிடம் நீட்டினான். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன், சட்டைப் பையில் எழுதிக்கூட வைத்திருந்தேன், மைக்கைப் பிடித்தேன், பாத்தி ரீத்தாவோடது என்றேன், பெர்க்மான்ஸோட தங்கச்சி ரீத்தா, அவதான் இது எல்லாம், அவ பேரை நான், அட்டையிலருந்து அடிச்சிட்டேன் என்பது வரவில்லை, அவ இன்னைக்கு இல்ல என்றுதான் வந்தது, இன்றைக்கு இங்கே வரவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன், அழுகையில் அவ்வளவுதான் வெளியே வந்தது. பிரணவ் என் தோளில் கை வைத்தான், அவன் கண்ணும் கலங்கியிருந்தது, மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டு, நம்மை விட்டுப் பிரிந்த அந்த மகத்தான கலைஞருக்காக எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம் என்றான், ஏற்கெனவே நின்றிருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள், உட்கார்ந்திருந்த ஒன்றிரண்டு பேரும் எழுந்தார்கள், நாற்காலிகளின் சத்தம் ஓய்ந்தது, ஒரு வார்த்தை போதும், மைக்கூட வேண்டாம், முன்வரிசைக்குக் கேட்டால் போதும், உயிரோடு இருக்கிறாள், மணப்பாட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறாள் என்று, வாயைத் திறந்தேன், பிரணவ் என்னைப் பார்த்து ஆறுதலாகத் தலையசைத்தான், எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சுவிட்டது, அது எனக்கே கேட்டது, இனி யாரும் அவளைத் தேடிப் போகமாட்டார்கள், நான் வாயை மூடிக்கொண்டேன், எல்லாரையும் போலத் தலையைக் குனிந்துகொண்டு, நிமிடம் முடிவதற்காகக் காத்து நின்றேன்.