ஊரறிந்த தங்கபாண்டி

போடியில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குப் போய் நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம். டீக்கடையில் ஒரு வடையைப் பிய்த்துக்கொண்டே பையனின் பெயரைச் சொன்னால் போதும், அவன் எட்டாம் வகுப்பில் பிட் அடித்தது வரை வந்து விழும். குரங்கணியில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தங்கபாண்டி இந்த வித்தையில் மகா கெட்டிக்காரர். அவர் வாயைத் திறந்ததால் நின்றுபோன கல்யாணங்களும் ஊரில் உண்டு.

அப்பேர்ப்பட்டவரின் மகள் கார்த்திகா, வேலை பார்க்கும் சென்னையிலேயே நிலவன் என்ற பையனை விரும்பி, கட்டினால் அவனைத்தான் என்றாள். தங்கபாண்டி பெரிய மனது பண்ணி, விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று ரயிலேறினார்.

பாவம், சென்னை அவரைச் சட்டையே செய்யவில்லை. நிலவன் குடியிருந்த பத்து மாடிக் கட்டடத்தில் எதிர்வீட்டுக்காரர் கதவைக் கால்வாசி திறந்து, "அந்த வீட்ல ஆள் இருக்காங்களா?" என்று இவரையே கேட்டார். வாட்ச்மேனுக்கு வண்டி நம்பர் மட்டும் தெரிந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு டீக்கடைகூட இல்லை.

ஊர் திரும்பியதும் போனில் மகளிடம் கத்தினார். "ஒருத்தருக்கும் தெரியாத பயலுக்கு எப்பிடித்தா கட்டிக் குடுக்குறது?"

"இங்க என்னையும் ஒருத்தருக்கும் தெரியாதுப்பா. அதுக்காக நான் கெட்டவளா?" கார்த்திகா அழுதேவிட்டாள். "அவர விட்டா எனக்கு வேற யாரும் வேணாம்."

"அவுக வேணா நம்மூருக்கு வந்து விசாரிக்கட்டும். குடும்பம்னா என்னன்னு அப்பத் தெரியும்!"

அடுத்த ஞாயிறே நிலவனின் அம்மா சூர்யகலா போடி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். ஒருவரிடம்தான் தங்கபாண்டியைப் பற்றிக் கேட்டார். எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு சேதி சொல்லி, கடைசியில் வீட்டு வாசல் வரை கொண்டுவந்தும் விட்டார்கள்.

தங்கபாண்டி மீசையை நீவிக்கொண்டார். "என்னம்மா, நம்மளத் தெரியாதவுக யாராச்சும் உண்டா?"

"ஒருத்தரும் இல்லைங்க. நீங்க உங்க தம்பி நிலத்துல வரப்பை வெட்டினது, அதுலருந்து பேச்சுவார்த்தை இல்லாதது, யார் யார் கல்யாணத்தை நிறுத்தினீங்கங்கிறது, எல்லாம் சொன்னாங்க." காபி டம்ளரைக் கீழே வைத்தார் சூர்யகலா. "உங்க பொண்ணத்தான் யாரும் ஒரு குறை சொல்லல. உங்களப் பத்தி இவ்வளவு தெரிஞ்சும் நான் சம்பந்தம் பேச வந்திருக்கேன். எம் பையனப் பத்தி ஒண்ணுமே தெரியாம நீங்க ஏன் வேணாங்குறீங்க?"

தங்கபாண்டிக்கு முகம் செத்துவிட்டது. தன்னை எவனுக்கும் தெரியாத ஊரில் பிறந்திருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்தடவையாக ஏங்கினார்.

"சம்மதந்தாம்மா," என்றார். "கொஞ்சம் மெல்லப் பேசுங்க. பக்கத்து வீட்ல கேக்கும்."