அது பாட்டுக்குப் பேசும்

ஜூராவுக்குக் கண் தெரியாது. பிஷ்கெக் நகரத்தில் ஓய்வூதிய ஆப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில், பார்வையற்றவர்களுக்கு அது சரிப்படுமா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. ஒரு வருஷமாகத் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லிவிட்டாள். விரல் பட்ட இடத்தைப் படித்துச் சொல்ல வேண்டிய போன், எங்கே பட்டாலும் "பொத்தான், பொத்தான்" என்றுதான் உளறுகிறது. எது அனுப்பும், எது அழிக்கும் என்று சொல்ல மாட்டேன் என்கிறது. எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

வெளியீட்டு விழாவும் வந்துவிட்டது. மறுநாள் முதல் ஓய்வூதியக் கவுன்ட்டர்கள் எல்லாம் மூடல், ஆப் மட்டும்தான். ஜூரா மேடையில் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால் பார்வையற்றோர் எல்லோரும் ஒப்புக்கொண்ட மாதிரி. அவர்கள் சங்கத்து ஆட்கள் பின் வரிசையில் அவளை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

மேனேஜர் எர்மெக் அவள் தோளில் மரியாதைக்குப் பட்டு அங்கியைப் போர்த்தி, கையில் ஒரு போனைத் திணித்தான்.

"என் போன்லயே காட்டுறேனே தம்பி."

"அதுல பழசுதான் இருக்கும்க்கா. இதுல எல்லாம் சரி பண்ணியாச்சு. சும்மா தடவுங்க, அது பாட்டுக்குப் பேசும்."

"நேத்து வரைக்கும் பேசலயே."

"ஒங்க தம்பி மேல நம்பிக்கை இல்லியா?"

மேடையில் தடவினாள். பெயர், முகவரி, விண்ணப்பம் என்று போன் அழகாகச் சொல்லிக்கொண்டே போயிற்று.  இந்தப் பயல்களையா இத்தனை நாள் திட்டினோம் என்று ஜூராவுக்கு வெட்கமாக இருந்தது. "நல்லா இருக்கு" என்று மைக்கில் சொல்லிவிட்டாள்.

தலைமை அதிகாரிக்கு உச்சி குளிர்ந்தது. "மேடையில நீங்கதான் மூத்தவங்க. ஒரு ஆசி சொல்லுங்கம்மா."

போனை மேசையில் வைத்துவிட்டு, வழக்கப்படி இரண்டு உள்ளங்கைகளையும் வானம் பார்க்க விரித்தாள். அரங்கமும் கை விரித்து அடங்கியது. அந்த அமைதியில், தொடுவாரில்லாத போன் தானாகப் பேசிற்று:

"அனுப்பும் பொத்தான். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நன்றி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜூராவுக்குப் புரிந்துவிட்டது. முன்பே பதிவு செய்து ஓடவிட்ட குரல்.  அவளை ஏமாற்றியதைக்கூடப் பொறுக்கலாம்; அவள் வாயாலேயே அவள் ஆட்களின் கழுத்தை அறுக்க வைத்துவிட்டார்களே, பாவிகள்.

"அக்கா, நெட்டு சரியில்ல, அதனாலதான்..." என்று எர்மெக் கிசுகிசுத்தான்.

"வாய மூடுறா." மைக்கின் பக்கம் திரும்பினாள். "இது டேப்பு. நல்லா இருக்குன்னு நான் சொன்னது செல்லாது. ஆசி கேட்டீங்கல்ல, யாரும் கைய எறக்காதீங்க."

விரித்த கைகளை அப்படியே புரட்டினாள். அங்கே புறங்கை காட்டிச் சொன்னால் அது ஆசியில்லை, சாபம். கோட்டு சூட்டு போட்டவனுக்கும் அதற்குக் குலை நடுங்கும். முன் வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"அக்கா, வேணாம்க்கா. நான் புள்ளகுட்டிக்காரன்."

"பயப்படாத. எல்லாரும் நூறு வயசு இருங்க. பேரன் பேத்தி எடுங்க. அதுக்குள்ள கண்ணு தானா மங்கிரும். அது சாபமில்ல, நான் அதோடதான் பொழைக்கிறேன். சாபம் இதுதான்: அன்னிக்கு ஒரு கவுன்ட்டர்கூட தொறந்திருக்க வேணாம். ஒங்க கையில இந்த ஆப் மட்டும் இருக்கட்டும்."

 பின் வரிசையிலிருந்து சங்கத்து ஆட்கள் மட்டும் கைகளைப் புரட்டி, அப்படியே ஆகட்டும் என்பதற்கு அங்கே சொல்கிற "ஓமின்" என்பதை ஒரே குரலில் சொன்னார்கள்.