ஆயுத பூஜைக்குக் கழற்றிய வைப்பர்

எங்கள் காட்டுப்பாக்கம் குடியிருப்பில் ஆயுத பூஜைக்குக் காரில் பொட்டு வைக்காதவர் இல்லை. வைப்பர் கைகளையே கழற்றி, துரு சுரண்டி, கறுப்பு பெயின்ட் அடித்துப் படையலில் வைத்தவர் முதல் மாடி ஞானசேகரன் ஒருவர்தான். இருபது வருஷத்துக் கார். மறுநாள் அவரே மாட்டினார். ஓட்டுநர் பக்கம் இருக்க வேண்டிய நீளமான கை இடப்பக்கம் போவதை மேலிருந்து பார்த்தேன். சொல்லவில்லை. நல்ல வெயில், யாருக்கு என்ன அவசரம்?

ஞாயிறு காலை மழை பிடித்துக்கொண்டது. அவர் மகள் ரோஷினிக்கு அன்றுதான் திருமழிசையில் அரசுத் தேர்வு. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் படித்தவள். ஒன்பதுக்குத் தேர்வு மையத்து கேட்டைப் பூட்டிவிட்டால் அத்தனையும் போச்சு. ஆட்டோ, டாக்ஸி எதுவும் வரவில்லை. ஏழரைக்கு ஞானசேகரன் காரை எடுத்து வைப்பரைப் போட்டார். இரண்டு கைகளும் பாய்ந்து வந்து, கண்ணாடி நடுவில் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நின்றன.

நட்டைக் கழற்றினார். கை வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். கடைசியில் சுத்தியலை எடுத்து இடப்பக்கத்துக் கையை ஓங்கி அடித்தார்.

"அடிக்காதீங்கப்பா! கண்ணாடி போயிடும்!"

"மணி என்னம்மா?"

"எட்டாகப் போகுது," என்றாள் ரோஷினி.

பின்தெருவில் கம்பெனி வேன் ஓட்டும் துலுக்கானத்தை நான்தான் போன் போட்டு வரவழைத்தேன். புண்ணியத்தில் எனக்கும் ஒரு பங்கு வேண்டாமா?

"இன்னா சார் இது, லெப்டு கைய ரைட்ல மாட்டிக்கீற, ரைட்டு கைய லெப்ட்ல மாட்டிக்கீற! பூஜ போட்டியா, சூன்யம் வெச்சியா?"

"அப்புறமா திட்டுங்க துலுக்கானம். இப்ப வண்டி கிளம்பணும்," என்றார் ஞானசேகரன்.

துலுக்கானம் வைப்பர் கையைத் தூக்கிப் பிடித்து அப்படியும் இப்படியும் மெல்ல அசைத்தார். குட்டைக் கை கழன்றது. நீளமானதும் வந்தது, உள்ளே தண்டைக் கவ்வும் பல் எல்லாம் மழுங்கியிருந்தது.

"அட்ச்சே கொன்ட்ட சார். இத மாட்னா தண்டு மட்டும் சுத்தும், கை நவுராது. சுச்ச போட்டு ஆஃப் பண்ணு. மோட்டாரு அதும் எடத்துல வந்து நிக்கட்டும். அதுக்கப்பாலதான் கைய மாட்டணும்."

மோட்டார் நின்றது. குட்டைக் கையையே ஓட்டுநர் பக்கம், கண்ணாடியின் அடியோடு படுக்க வைத்து முடுக்கினார். வைப்பர் ஆடியது. ஒரு முறம் அளவுக்குத்தான் கண்ணாடி துடைபட்டது. அந்த முறத்துக்குள் பார்க்க, ஞானசேகரன் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துகொண்டார். எட்டு பத்துக்குக் கார் தெருமுனையைத் தாண்டியது.

அவர் மனைவி கமலம் போனைப் பிடித்தபடி என் வாசலிலேயே நின்றாள். காபி கொடுத்தேன், தொடவில்லை. எட்டு ஐம்பத்தெட்டுக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போடச் சொன்னேன்.

"உள்ள விட்டாங்களா?" அவளுக்கு முன்னால் நான் கேட்டுவிட்டேன்.

மழைச் சத்தத்துக்கு நடுவே ஞானசேகரன்: "வாட்ச்மேன் கேட்டை இழுத்துட்டு இருந்தான்... புகுந்து ஓடிட்டா, கமலம். போயிட்டா..." அழுதுவிட்டார்.

"சரி, அழாதீங்க," என்றாள் கமலம். "மழை விடுற வரைக்கும் அங்கயே உக்காந்திருங்க. அந்தக் கண்ணாடிய வச்சுக்கிட்டு நீங்க தனியா வர வேணாம்."