எட்டுப் பிரியா, நாலு பிரியா

கடைக்காரர் ரஃபீக் இரண்டு சுருள்களை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். ஒன்று பாசிப் பச்சை, நாலு பிரி. மற்றது வெள்ளை, எட்டுப் பிரி. இரண்டுமே தூண்டிலுக்கான பின்னல் நரம்பு. நாற்பது பவுண்டு தாங்கும் என்று மேலே அச்சடித்திருந்தது. ஒச்சப்பன் நெற்றியில் கிடந்த மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஜவுளிக் கடையில் வேட்டிக் கரை பார்க்கிறவர் போல இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இந்தப் பார்வை நாலாவது மாதமாக நடக்கிறது.

"அண்ணே, எடத்தோட பேரச் சொல்ல வேணாம். தண்ணி எப்படின்னு மட்டும் சொல்லுங்க. செடி அடஞ்ச தண்ணின்னா நாலு பிரி. சொரசொரன்னு இருக்கும், தாமரத் தண்டையும் அறுத்துக்கிட்டு வந்துரும். தெளிஞ்ச தண்ணின்னா எட்டுப் பிரி. வழுவழுன்னு தூரமாப் போகும்."

"லீடரு?"

"அதுவும் தண்ணியப் பொறுத்துத்தான். கல்லு கெடந்தா பின்னல் நரம்பு ஒரசி அந்து போகும். முன்னாடி ரெண்டு கை நீளத்துக்குக் கெட்டி நரம்பா லீடர் கட்டிக்கிரணும். செடிக்குள்ளன்னா லீடரே வேணாம், முடிச்சுல பாசி மாட்டும். நேரா மீன்லயே கட்டிறலாம்."

மீன் என்று ரஃபீக் சொன்னது ரப்பர் மீனை. உள்ளங்கை நீளம், வால் மட்டும் தட்டையாக இருக்கும். இழுத்தால் உயிருள்ளது போல வாலாட்டிக்கொண்டு நீந்தி வரும். ஒச்சப்பன் தலையாட்டினார். தண்ணீர் எப்படி என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. சொல்ல அவரிடம் தண்ணீரே இல்லை. ஐம்பத்தாறு வயதில் அவர் இன்னும் ஒரு குளத்திலும் தூண்டில் போட்டதில்லை.

அவருக்குப் பழனி ரோட்டில் ஓர் எடைமேடையில் வேலை. லாரி வந்து ஏறும், திரையில் எண் விழும், சீட்டு அடித்துக் கொடுப்பார். நாள் முழுக்க மனிதர்கள் அவரிடம் பேசுகிற பேச்சு "லோடுண்ணே", "காலிண்ணே" என்ற இரண்டில் அடங்கிவிடும். மனைவி பழனியம்மாள் திருப்பூரில் இருக்கிறாள். மகள் கௌசல்யா பனியன் கம்பெனி வேலைக்குப் போவதால் பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஆறு மாதம் என்று போனவள், இரண்டு வருஷமாகிறது. இதில் யார்மேலும் குற்றமில்லை. குற்றம் இருந்தாலாவது போனில் சண்டை போடலாம். தினமும் எட்டு மணிக்குப் பேசுவாள். "இன்னைக்கு வெஞ்சனம் என்ன வச்சீக?" என்பாள். "அப்பளம் பொரிச்சேன்" என்பார். பேரனின் முகத்தைக் காட்டுவாள். அவன் இரண்டு நிமிஷத்தில் செல்போனைப் பிடுங்கிச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடுவான். அதன்பின் விடிகிறவரை அந்த வீட்டில் பேசுவது மின்விசிறிதான்.

ஆடி மாதம் எடைமேடை அறை ஒழுகியது. தார்ப்பாய் வாங்கப் பேகம்பூருக்கு வந்தார். ரஃபீக்குடையது கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. பின்சுவரில் மட்டும் தூண்டில் கம்புகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. இது எதுக்கு பாய் என்று சும்மா கேட்டுவைத்தார். ரஃபீக் முக்கால் மணி நேரம் பேசினார். விரால் எப்படிப் பதுங்கும், எப்படி அடிக்கும், எந்த நிமிஷத்தில் கம்பைத் தூக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஒச்சப்பனிடம் அவ்வளவு நேரம் ஒரு மனிதர் பேசி வெகுகாலமாகியிருந்தது. அன்றைக்கே ஒரு கம்பு வாங்கினார். அடுத்த சனிக்கிழமை நரம்பு சுற்றுகிற ரீல். அதற்கடுத்த வாரம் ரப்பர் மீன். மிச்சம் நரம்பு ஒன்றுதான். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசித்த கதையாக அதில் வந்து நின்றுவிட்டார். நரம்பையும் வாங்கிவிட்டால் மறுசனிக்கிழமை அந்தக் கடை முக்காலியில் உட்கார என்ன காரணம் இருக்கிறது?

காரணம் அது மட்டுமல்ல. வெள்ளிக்கிழமை ரஃபீக்குக்குக் கடை லீவு. விடிவதற்குள் எங்கேயோ கிளம்பிப் போய்த் தூண்டில் போட்டுவிட்டு, ஜும்மாவுக்குத் திரும்பிவிடுவார். 'நீங்களும் வாங்கண்ணே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒச்சப்பன் நாலு மாதமாக எட்டுப் பிரியையும் நாலு பிரியையும் தடவிக்கொண்டிருந்தார். தானாகக் கேட்க முடியாது. தூண்டில்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. என்ன நரம்பு, என்ன முள் என்று எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். எந்த இடம் என்று கேட்கக் கூடாது. கூட வரட்டுமா என்பது அதைவிட மோசம். இதையெல்லாம் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தவரும் ரஃபீக்தான்.

ஐப்பசியில் நல்ல மழை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடையில் வேறு ஒருவர் முள் வாங்கிக்கொண்டிருந்தார். ஒச்சப்பனைப் பார்த்து, "அண்ணே எங்கிட்டுப் போடுறது?" என்று கேட்டார். ஒச்சப்பன் வெள்ளைச் சுருளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவருகிட்ட வாங்க முடியாது" என்றார் ரஃபீக், சிரித்தபடி. "நாலு மாசமா நானும் பாக்குறேன். செடியா கல்லான்னு கூடச் சொல்ல மாட்டாரு. அம்புட்டு நல்ல எடம் வச்சிருக்காரு."

வந்தவர் மரியாதையோடு ஒச்சப்பனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். ஒச்சப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் மௌனத்தை ரஃபீக் பெரிய தூண்டில்காரனின் மௌனம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். இடம் வைத்திருக்கிறவனை எவன் கூப்பிடுவான்? நாலு மாதம் இந்த முக்காலியில் உட்கார்ந்து தன் வாயாலேயே, அதுவும் திறக்காத வாயாலேயே, கெடுத்துக்கொண்டதை நினைக்க அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

ரஃபீக் டீ வரவழைத்தார். பாதி குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, கேக்கக் கூடாதுதான். எனக்கு எல்லா எடமும் சலிச்சுப் போச்சு. போனா ஒத்தையில நிக்கிறேன், வாறேன். ஒரே ஒரு நாளு என்னையக் கூட்டிட்டுப் போவீங்களா? வெளிய மூச்சு விட மாட்டேன்."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இடமெல்லாம் கிடையாது, உங்களோடு நான் வாரேன் என்றால் முடிந்தது. ஆனால் நாலு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் அவரிடம் ஒன்றைக் கேட்கிறார். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"வாங்க பாய். வர்ற வெள்ளிக்கெழம போவோம்."

"அப்ப எதண்ணே சுத்தட்டும்?"

"நாலு பிரி."

"லீடரு?"

"வேணாம். முழுக்கச் செடி."

ரஃபீக்கின் முகம் மலர்ந்தது. ஒச்சப்பன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த ரீலில் முதலில் சாதாரண நரம்பைக் கொஞ்சம் சுற்றினார். நேரே பின்னலைச் சுற்றினால் வழுக்கும் என்றார். சுருளின் துளையில் பென்சிலைச் செருகி ஒச்சப்பனிடம் பிடிக்கக் கொடுத்தார். பச்சை நரம்பு விரலில் உரசிக்கொண்டு ஓடியது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோம் என்று ஒச்சப்பனுக்கு நன்றாகத் தெரிந்தது. இனி அந்த நரம்புக்கு ஏற்ற குளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். செம்பட்டி தாண்டி ஆத்தூர் பக்கம், கண்ணில் பட்ட மண்பாதையிலெல்லாம் இறங்கி ஏறினார். முதல் குளம் அழகாக இருந்தது. ஆனால் கரையெல்லாம் கல், லீடர் இல்லாமல் ஆகாது. இரண்டாவதில் குத்தகைக்காரரின் பலகையும் ஒரு நாயும் இருந்தன. மூன்றாவதில் தண்ணீருக்குப் பதில் ஆடுகள் நின்றன. ஊரில் இத்தனை குளம் இருந்தும் சொன்ன பொய்க்கு ஒன்று பொருந்தவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. நாலு மணி வாக்கில், ஒரு தென்னந்தோப்பின் பின்னால், தாமரை இலை அடர்ந்த சின்னக் குட்டை ஒன்று அகப்பட்டது. இருட்டுகிற வரை உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை இலைகளுக்கு இடையில் எதுவோ மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போனது. அந்தச் சத்தத்தை நம்பி வீட்டுக்குத் திரும்பினார். அன்றைக்குப் பழனியம்மாளிடம், "நாளைக்கு நானும் ஒரு சேக்காளியும் வெளிய போறோம்" என்றார். யார் என்று அவள் கேட்பதற்குள் பேரன் பொத்தானை அமுக்கிவிட்டான்.

விடிகாலை செம்பட்டியில் ரஃபீக் அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தார். தோப்புக்குள் போகும்போது ஒச்சப்பன் ஒரு தடவை வழி தவறித் திரும்பினார். குட்டை வந்ததும் எந்த ஓரம் நிற்பது என்று தெரியாமல் அங்கும் இங்கும் பார்த்தார். ரஃபீக் கரையைப் பார்த்தார். ஆள் நின்று தேய்ந்த தடம் எங்கும் இல்லை. புல் இடுப்பளவு நின்றது. ஒச்சப்பன் ரீலைத் தலைகீழாகப் பிடித்திருந்ததையும் பார்த்தார்.

"அண்ணே, இங்க இதுக்கு முன்னாடி போட்டதில்லல்ல?"

"எங்கயுமே போட்டதில்ல பாய். நீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த ரஃபீக் சட்டென்று கையை நீட்டி ஒச்சப்பனின் கம்பைத் தாழ்த்தினார். தாமரை இலைகளுக்கு நடுவே, இரண்டு சாண் விட்டத்துக்குத் தண்ணீர் செந்நிறமாகக் கொதித்தது. உற்றுப் பார்த்தால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், குண்டூசி நீளத்தில், மூச்சு வாங்க மேலே வந்து அமுங்கின.

"வெராலுக் குஞ்சு. ஆணும் பொண்ணும் கீழ காவல் நிக்கும். என்னத்தப் போட்டாலும் ஆத்திரத்துல வந்து கவ்வும். அதனாலதான் போடக் கூடாது. தாய புடிச்சிட்டா இத்தனையும் போயிரும்."

ரஃபீக் ரப்பர் மீனின் முள்ளைத் தன் கம்பின் வளையத்தில் மாட்டினார். பிறகு ஒச்சப்பனுடையதையும் வாங்கி மாட்டினார். அவ்வளவுதான், வந்த வேலை முடிந்துவிட்டது. ஜும்மாவுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. போக அவருக்கு வேறு எத்தனையோ குளங்கள் இருந்தன. 'கிளம்புவமா' என்ற சொல்லுக்காக ஒச்சப்பன் காத்து நின்றார். அது வந்தால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்றும் யோசித்துவைத்தார்.

ரஃபீக் செருப்பைக் கழற்றினார். ஈரப் புல்லை இரண்டு ஆள் உட்காருகிற அளவுக்குக் காலால் அழுத்திவிட்டு, கைலியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தச் செந்நிறத் திட்டு மெதுவாக நகர்ந்து வெயில் விழாத பக்கம் போனது. அதன் இரு பக்கமும் கரிய முதுகுகள் இரண்டு, தண்ணீருக்கு ஒரு விரல் கீழே, கூடவே போயின.