வெண்டலின் வளைவு

என் வீட்டுக்காரர் வெண்டலினுக்குப் புகைபோக்கி சுத்தம் செய்கிற வேலை. எங்கள் பள்ளத்தாக்கில் அவர் ஏறாத கூரை கிடையாது. பனி உறைந்த ஓட்டின் மேல் ஒரு கையில் தூரிகையும் மறு கையில் ரொட்டித் துண்டுமாக நடப்பார். கீழே நிற்கிற நான்தான் கண்ணை மூடிக்கொள்வேன். அப்பேர்ப்பட்ட மனிதர் போன வருஷம் பிப்ரவரியில் முழங்காலை உடைத்துக்கொண்டது, பனிச்சறுக்குக்காரர்களுக்குச் சாப்பாடு போடுகிற அஃப்ராவின் மலைக்குடிலில், கழிப்பறைக்கு இறங்கும் படியில்.

மலைமேல் குடில் கட்டியவர்களுக்கு நம்மேல் என்ன கோபமோ, கழிப்பறையை எப்போதும் நிலவறையில்தான் வைத்திருக்கிறார்கள். செங்குத்தான கல்படி. அதன் மேல் உருகிய பனித் தண்ணீர். கணுக்காலை மடக்க விடாத ஸ்கீ பூட்ஸைப் போட்டுக்கொண்டு அதில் இறங்க வேண்டும், அதுவும் அவசரத்தில். பூட்ஸைக் கழற்றிவிட்டு இறங்கினால் என்ன என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்கள் ஊரில் அப்படிச் செய்தால் அடுத்த பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

அன்றைக்குக் குடில் மூடுகிற நேரம். நான் கழிப்பறைக் கதவைத் திறந்து வெளியே வந்தேன், அவர் படியிலிருந்து உருண்டு என் காலடியில் வந்து சேர்ந்தார். முப்பது வருஷத்தில் என் காலில் அவர் விழுந்தது அது ஒரு தடவைதான்.

"ஒண்ணுமில்ல புர்கி. லேசா வழுக்கிடுச்சு" என்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆனாலும் வீம்பு விடுமா? மேலே ஏறி, ஸ்கீயை மாட்டிக்கொண்டு, ஒற்றைக் காலை ஊன்றிக் கிளம்பிவிட்டார். குடிலுக்குக் கீழே வருகிற முதல் வளைவு வரைதான் போக முடிந்தது. அங்கே உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உட்கார்ந்துவிட்டார். மீட்புக்காரர்கள் சறுக்குக் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"எங்க விழுந்தீங்க?" என்று கேட்டார்கள்.

வெண்டலின் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வளைவைக் காட்டினார். "இங்கதான். ஒரே ஐஸ். பாதை போட்டவன் தூங்கிட்டான் போல."

அந்தப் பாதையை ராத்திரிதோறும் வண்டி ஓட்டிச் சமன் செய்கிறவன் என் கூடப் பிறந்த தம்பி ரோமெட்.

கட்டிலில் படுக்க வைத்ததும், மீட்புக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். "புர்கி, கூரைமேல நடக்கிறவன் கக்கூஸ் படியில விழுந்தான்னு தெரிஞ்சா இனிமே எவன் என்னைக் கூரை ஏத்துவான்? நீ மட்டும் வாயைத் திறந்துடாத." வலியில் கண்ணீர் வழிந்தது. எனக்குக் கோபம் வரும், ஆனால் இரக்கம் அதற்கு முன்னால் வந்து தொலையும். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது, அதன் கீழ் எலும்பில் விரிசல். திருகாணி போட்டு முடுக்கினார்கள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பார்க்க வந்தவர்களிடம் இவர் முதலில் வளைவில் வழுக்கினார். மறுவாரம் பறந்தார். ஈஸ்டர் வருவதற்குள் அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, குறுக்கே வந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றியும் விட்டார். எந்தக் குழந்தை என்று யாரும் கேட்கவில்லை. நானும் படுக்கையோரம் ஆரஞ்சை உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தப் பொய் ரோமெட்டின் தலையில் விடிந்தது. மலைமேல் ஆளை ஏற்றிவிடுகிற கம்பி லிப்டின் அலுவலகத்தில் அவனைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார்கள். வளைவில் மஞ்சள் வலை கட்டச் சொன்னார்கள். ஊர் இளவட்டங்கள் அங்கே 'வெண்டலின் வளைவு' என்று ஒரு பலகையை அடித்து வைத்தார்கள். மதுக்கடைக்குப் போனால், "என்ன ரோமெட், ஐஸ் வியாபாரம் எப்படிப் போகுது?" என்றார்கள். தன் பாதையைப் பெண்டாட்டியைப் போலப் பார்த்துக்கொள்கிறவன் அவன். பெண்டாட்டி இல்லாததும் அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டில் கொழுக்கட்டையும் சூப்பும் சாப்பிட வருகிறவன் வருவதை நிறுத்திவிட்டான். போய்க் கூப்பிட்டேன்.

"அக்கா, உன் புருஷன் மூஞ்சிக்கு எதிர்ல உக்காந்தா எனக்குச் சோறு இறங்காது" என்றான்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வீட்டுக்கு வந்து இவரிடம் பாய்ந்தேன். "அவன்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"சொல்றேன். கால் சரியாகட்டும்."

கால் சரியானது. "இப்பச் சொல்லலாமே?"

"பனி விழட்டும் புர்கி. பனியில்லாம எப்படிப் பனியைப் பத்திப் பேசுறது?"

இந்த மனிதரை என்ன செய்வது?

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் வீட்டுக்கே வந்தாள். சைக்கிள் மிதித்தார், ரப்பர் பட்டையை இழுத்தார், ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றார். படி என்றதும் மட்டும் முரண்டு பிடித்தார்.

"ரொம்பச் சுலபம். ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது கெட்ட கால் முதல்ல" என்றாள் அவள்.

"நான் ஸ்கீ பண்ணப் போறேன்மா. படி எனக்கு எதுக்கு?"

"பனிக்குப் பயப்படுறவங்களைப் பாத்திருக்கேன். படிக்குப் பயப்படுற ஸ்கீக்காரரை இப்பத்தான் பாக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஆப்பிள் பழுக்கும் காலம் வரை அவர் மாடி ஏறவில்லை. சமையலறைப் பெஞ்சில்தான் தூங்கினார். நான் மாடியில் தனியாகப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வருத்தமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் லிப்டில் ஒன்றாக ஏறுவோம். பாதி வழியில் அவர் ஒரு சாக்லெட்டை உடைத்துப் பெரிய பாதியை எனக்குத் தருவார். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் தம்பி. ஒரே படியில் உருண்டு இரண்டையும் கெடுத்துவிட்டாரே என்று நினைத்தால் அழுகை வரும், கூடவே அவர் தலையில் கரண்டியால் ஒன்று போடத் தோன்றும்.

ஜனவரியில் டாக்டர் சரி என்றார். எலும்பு கூடித் திரும்பி வருகிற யாரையும் எங்கள் ஊர் சும்மா விடாது. விழுந்த இடத்தை அவர் சறுக்கித் தாண்டுவதை எல்லோரும் நின்று பார்ப்பார்கள். பிறகு குடிலில் ஒவ்வொருவரோடும் கோப்பை தட்டி அவர் குடிக்க வேண்டும். ஒருவரை விட்டாலும் எலும்பு மறுபடி உடையும் என்று ஒரு நம்பிக்கை. வெண்டலின் முதல் நாள் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் நான் தரையில் உட்கார்ந்து, அவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, பூட்ஸை மாட்டி முடிப்பதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. "இதை ராத்திரி வரைக்கும் கழட்டக் கூடாது. கழட்டினா மறுபடி மாட்ட என்கிட்டத் தெம்பில்ல" என்று சொல்லிவிட்டேன்.

வளைவில் பாதி ஊர் நின்றது. ரோமெட்டும் இருந்தான், வேலை முடிந்து தூங்காத கண்ணோடு, கையைக் கட்டிக்கொண்டு. வெண்டலின் மேலிருந்து வந்தார். எங்கள் சமையலறை மேசையைச் சுற்றிப் போகிறவர் மாதிரி அந்த வளைவைச் சுற்றினார், போகிற போக்கில் பலகைக்கு ஒரு கும்பிடும் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ரோமெட் கை தட்டவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, நம்ம வீட்டு ஸ்டெர்னி ஞாபகம் இருக்கா?"

"மாட்டைப் பத்தி இப்ப என்னடா?"

"ஓடைப் பாலத்துல வழுக்கி விழுந்துச்சே. அதுக்கப்புறம் அந்தப் பாலம் வந்தா நாலு காலையும் ஊனிக்கிட்டு நிக்கும். மூக்கால புஸ்ஸுன்னு ஊதும். அம்மா கையில உப்பை வச்சுக் காட்டித்தான் கூட்டிட்டுப் போவாங்க."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. கால் உடைஞ்ச இடத்தை மாடு இப்படித் தாண்டாது."

நான் குனிந்து என் பூட்ஸ் கொக்கியை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

குடிலில் கோப்பைகள் வரிசையாக வந்தன. தீயணைப்புக்காரர்களோடு பீர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியையோடு பீர், தபால்காரரோடு பீர், அஃப்ராவோடு பழச்சாராயம், ஆட்டுக்காரரோடு மறுபடி பீர். தபால்காரர் அந்த வாரம்தான், மலையிலேயே செங்குத்தான கறுப்புப் பாதையில் விழுந்ததாகச் சொல்லி, மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். இடது கையால் தட்டினார். ரோமெட் மட்டும் கோப்பையை எடுத்துக்கொண்டு வரவில்லை. மூலை மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

சூப் வந்தபோது வெண்டலின் காலைப் பின்னிக்கொண்டார். நொறுக்குப் பணியாரம் வந்தபோது பேச்சை நிறுத்தினார். ஜன்னலை ஏக்கமாகப் பார்த்தார். முன்பக்கம் வெயிலில் கூட்டம், ஒரு பக்கம் சின்னப் பிள்ளைகளின் ஸ்கீ வகுப்பு, பின்பக்கம் கிடுகிடு பள்ளம். ஒதுங்க இடமில்லை. கடைசியில் எழுந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

படியின் தலைப்பில் போய் நின்றார். இரண்டு காலையும் அகட்டி ஊன்றினார். கைப்பிடியைப் பற்றினார். கீழே பார்த்தார். அப்புறம் மூக்கால் ஊதினார், புஸ்ஸென்று.

மூலை மேசையில் ரோமெட் திரும்பினான்.

கண்ணால் படியைப் பார்த்தான், இவர் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் எதையும் மறைக்கவில்லை. இனி மறைக்க என்னால் ஆகாது. அவன் எழுந்து கனத்த பூட்ஸோடு நடந்து வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து நான் நடுவில் புகப் பார்த்தேன். அவன் வழியிலிருந்த மேசையில், மரக்கொம்பில் தொங்கிய, முடிச்சாக வளைத்துச் சுட்ட ஒரு பிரெட்சல் ரொட்டியை உருவினான். மேலெல்லாம் உப்புக்கல் தூவியது. வெண்டலினைத் தாண்டி இரண்டு படி இறங்கி, திரும்பி நின்று, அதை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"வா ஸ்டெர்னி, வா."

"மச்சான், விளையாடாத. அவசரம்."

"தெரியுது. கெட்ட கால் முதல்ல. கீழ பாக்காத, உப்பைப் பாரு. வா, வா."

என் வீட்டுக்காரர் இறங்கினார். ரோமெட் பின்னோக்கி ஒரு படி வைக்க, இவர் முன்னோக்கி ஒரு படி வைக்க, பிரெட்சல் நடுவில் ஆடிக்கொண்டே போனது. குடிலில் இருந்தவர்கள் கரண்டியைப் போட்டுவிட்டுப் படியின் தலைப்பில் கூடிவிட்டார்கள். கடைசிப் படியைத் தாண்டியதும் வெண்டலின் கழிப்பறைக் கதவுக்குப் பாய்ந்தார். அதற்குள் ரோமெட் அந்தக் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"அத்தான், போன வருஷம் எங்க விழுந்தீங்க?"

"மச்சான், கதவை விடு."

"எங்க?"

"அதான் ஊருக்கே தெரியுமே, வளைவுல..."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. வண்டி எடுக்க இன்னும் நேரம் இருக்கு."

வெண்டலின் கண்ணை மூடிக்கொண்டார். முழங்காலோடு முழங்காலை ஒட்டிக்கொண்டார், திருகாணி போட்டதும் போடாததும். "இங்கதான் விழுந்தேன். இந்தப் படியில. வளைவுல ஐஸே இல்ல."

"பாதை எப்படி இருந்துச்சு?"

"பட்டு மாதிரி."

"மேல கேக்கலையாம்."

"பட்டு மாதிரி இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன். உன் பாதையில ஒரு குத்தமும் இல்ல மச்சான், மன்னிச்சுடு, கதவைத் திற."

ரோமெட் விலகி, பெரிய ஓட்டல் வாசற்காவலன் மாதிரி குனிந்து, கதவைத் திறந்துவிட்டான்.

மேலே நின்றவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். குழந்தையைக் காப்பாற்றினதாவது நிஜமா என்று ஆட்டுக்காரர் கேட்டார். அப்புறம்தான் சிரிப்பு வெடித்தது. தபால்காரர் மட்டும் கட்டுப்போட்ட கையை மேசைக்கு அடியில் இறக்கி, சூப்பைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அஃப்ரா அவரைப் பார்த்தாள். "படிக்குக் கம்பளம் போடறேன். யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ரோமெட் சாப்பிட வந்தான். சோறு இறங்கியது. நன்றாகவே இறங்கியது; எனக்குக் கொழுக்கட்டை மிஞ்சவில்லை. வெண்டலினைக் கூரை ஏற வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டைச் சூடாக்கும் அடுப்பை நிலவறையில் வைத்திருக்கும் வீடுகளில் மட்டும், அவர் படி இறங்கும்போது வீட்டம்மா வந்து கையைப் பிடித்துக்கொள்கிறாளாம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்கிறார். வேண்டும் அவருக்கு.

வளைவில் இப்போது வலையும் இல்லை, பலகையும் இல்லை. பலகையை ரோமெட் பிடுங்கிக்கொண்டுவந்து கழிப்பறைப் படியின் தலைப்பில் அடித்துவிட்டான். அதன் கீழே ஓர் ஆணி. ஞாயிறுதோறும் அதில் ஒரு பிரெட்சல் தொங்குகிறது. யார் மாட்டுகிறார்கள் என்று கேட்டால், தனக்கென்ன தெரியும் என்கிறான் ரோமெட். வெண்டலின் அங்கே போய் நின்று, காலை ஊன்றி, ஒரு புஸ் ஊதி, ரொட்டியைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்.

மீதியை லிப்டில் உடைத்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டுகிறார். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்த ரொட்டி. நான் வாங்கித் தின்கிறேன்.