மூன்று அங்குலம்

வெர்ன் சமையலறை மேசையில் அட்டைப்பெட்டி மூடி ஒன்றை வைத்து இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு அடக்க ஆராதனை. இப்போது எட்டரை. கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கத்தரிக்கோலை மெல்லத் திருப்பினார். முப்பத்திரண்டு வருஷம் வீடுகளுக்குக் காற்றுக்குழாய் மாட்டியவர். கோடு போடாமலே வட்டம் பிசகாமல் வந்தது.

எதிரில் நோலன் ஆறிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பிரின் இறந்து ஆறு நாள் ஆகிறது. வெர்னின் இளைய மகள். இருபத்தெட்டு வயது.

"இது மூணு அங்குலம்," என்று வெர்ன் சின்ன வட்டத்தை மேசையில் வைத்தார். பெரியதை அதன்மேல் வைத்தார். சின்னது மறைந்தது. "இது நாலு. பாக்க ஒரு விரக்கடை வித்தியாசந்தான். காத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு போகும்."

நோலன் கோப்பையை ஓரமாக நகர்த்தினான்.

"நாலு அங்குல ஓட்டை போடுற ரம்பம் வண்டியிலதான் கிடந்துச்சு. எந்திரிச்சுப் போய் எடுக்கச் சோம்பல். டிரெய்லர் தரைக்கு மூணே போதும்னுட்டேன்," என்றார் வெர்ன்.

பிரினின் அக்கா லோரி அடுப்பருகே நின்று, தேவாலயத்துக்குக் கொண்டுபோகவேண்டிய உருளைக்கிழங்குத் தட்டுகளை அலுமினியத் தாளால் மூடிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "ஹீட்டர் கோளாறு, விஷவாயுன்னு எழுதிக் குடுத்துட்டாங்கப்பா. விடுங்க."

வெர்ன் விடவில்லை. ஆறு நாளாக இதே பேச்சுதான். சவப்பெட்டி தேர்ந்தெடுக்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம்கூட இந்த ஓட்டைக் கணக்கைச் சொல்லியிருந்தார்.

போன குளிர்காலம் முழுக்க வெர்னின் கொட்டகையில் அவரும் பிரினும் நோலனுமாக அந்த டிரெய்லரை வீடாக்கினார்கள். முன்பு மரச்சாமான் ஏற்றிய பழைய பெட்டி வண்டி. சன்னல் கிடையாது. சுவர்ச் சட்டங்களுக்கு நடுவே நுரைப்பலகை வைத்து, வெள்ளி டேப்பால் இணைப்புகளை ஒட்டி, மேலே பிளைவுட் அடித்தார்கள். முன்பக்கம் சுவரோடு மடங்கும் கட்டில். பின்பக்கம் பிரினின் பந்தய பைக். கட்டில் எத்தனை உயரம் என்பதை அவளே பைக்கின் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்று பென்சிலால் குறித்தாள். ஐடஹோவின் பாலைவனப் பந்தயங்களுக்குப் போகும்போதெல்லாம் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் முடங்கித் தூங்கி அவளுக்குச் சலித்துவிட்டிருந்தது.

வெர்ன் போட்ட நிபந்தனை ஒன்றுதான். கூரையில் ஒரு காற்றுத்திறப்பு, தரையில் ஒன்று. தரையில் அவர் வட்டம் அறுத்து எடுத்ததும் பிரின் வெறுங்காலை அதன்மேல் வைத்துப் பார்த்து, என் கட்டைவிரல் இந்த வழியாகத்தான் உறைந்து விழப்போகிறது என்றாள். சின்ன வயதில் வீட்டில் காற்று வரும் தரைத்துளைகளில் காலுறையைத் திணித்து அடைத்துவைத்து அப்பாவிடம் வசவு வாங்கியவள். அந்த ஞாபகத்தில் வெர்ன் ஓட்டைக்குப் பக்கத்தில் கறுப்பு மையால் எழுதினார்: 'மூடாதே. பிரின், உன்னைத்தான்.' அவள் அதற்குக் கீழே ஒரு காலுறை வரைந்துவைத்தாள்.

மூடியது நோலன்.

பந்தயத்தன்று விடியற்காலை ஐந்து மணிக்குப் பதிவு வரிசையில் நிற்க எழுந்தான். தரை வழியாகக் காற்று சீறிக்கொண்டிருந்தது. குளிருது என்றாள் பிரின், கண்ணைத் திறக்காமல். கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்தான். பனி விழுகிறதென்று கூரைத்திறப்பை முந்தின மாலையே சாத்தியிருந்தார்கள். மீந்திருந்த வெள்ளி டேப்பில் ஒரு துண்டு கிழித்துத் தரை ஓட்டையில் ஒட்டினான். உரிந்துவிடாமல் இருக்க ரப்பர் விரிப்பை இழுத்து மேலே போட்டான். அரைமணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று கணக்கு. வரிசை ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு கோப்பைக் காப்பியோடு திரும்பி வந்து கதவைத் திறந்தான்.

வந்த அதிகாரிகள் ஹீட்டரைக் கழற்றி எடுத்துப்போனார்கள். விரிப்பை யாரும் தூக்கவில்லை. முதல் நாள் அவனுக்கு வாய் வரவில்லை. இரண்டாம் நாள், முதல் நாள் சொல்லாததால் சொல்லவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் முந்தின நாளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"பைக்க எடுத்துரலாம் வா," என்று வெர்ன் எழுந்தார். இறந்துபோன பந்தயக்காரரின் பைக்கைச் சவப்பெட்டி அருகே நிறுத்தி, கைப்பிடியில் கையுறைகளை மாட்டிவைப்பது அவர்கள் சங்கத்து வழக்கம். சங்கத்து ஆட்கள் தாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றதற்கு அவர் வேண்டாம் என்றிருந்தார். அட்டை வட்டங்கள் இரண்டையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்படியே ஓட்டையையும் அளந்துரலாம்."

டிரெய்லர் கொட்டகை ஓரத்தில் நின்றது. கொண்டுவந்து விட்டதிலிருந்து யாரும் திறக்கவில்லை. நோலன் தாழை விலக்கி, சாய்வுப்பலகையாக இறங்கும் பின்கதவைத் தரையில் சாய்த்தான். பெட்ரோல் வாசனை வந்தது. கட்டில் இறக்கியபடியே இருந்தது. அதற்குமேல் கட்டிய கயிற்றில் ஒரு ஜோடி காலுறை தொங்கியது. பைக் நான்கு பட்டைகளில் இறுகி நின்றது.

வெர்ன் உள்ளே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். "மேல சாத்தினது சரி. பனி. அதுக்குத்தானே கீழ ஒண்ணு வச்சது." மூடியை விரலால் தட்டிப் பார்த்தார். "முப்பத்திரண்டு வருஷம், நோலன். அடுத்தவன் வீட்ல ஒருத்தனுக்குத் தலவலின்னு புகார் வந்ததில்ல."

நோலன் பட்டைகளைத் தளர்த்தினான். அமுங்கியிருந்த பைக்கின் முன்பக்கம் மூச்சு விட்டதுபோல மேலே எழுந்தது. பைக்கை ஒரு முழம் முன்னால் தள்ளித் தாங்கியில் நிறுத்தினான். விரிப்பின் மேலிருந்து பின்சக்கரம் விலகியது.

"எனக்கு முட்டி மடங்காது," என்று வெர்ன் சின்ன வட்டத்தை நீட்டினார். "நீ வச்சுப் பாரு. மூணுதானான்னு மட்டும் சொல்லு."

நோலன் அட்டையை வாங்கிக்கொண்டு மண்டியிட்டான். முதுகு வெர்னின் பக்கம். விரிப்பின் ஓரத்தைத் தூக்கினான். டேப் கசங்காமல் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் எழுத்து. கீழே காலுறை. அட்டையை அதன்மேல் வைத்து, மூணுதான் என்று சொல்லி, விரிப்பை விட்டுவிடலாம். தேவாலயத்திலிருந்து திரும்பி வந்து உரித்துக்கொள்ளலாம். மூணு என்பது பொய்கூட இல்லை.

பின்னால் வெர்ன் காத்திருந்தார்.

நோலன் விரிப்பை முழுசாக மடித்து ஒதுக்கிவிட்டு விலகி உட்கார்ந்தான்.

"நீங்களே பாருங்க."

வெர்ன் பைக் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முட்டி மடங்கிவிட்டது. நெடுநேரம் பார்த்தார். அவர் விரல் டேப்பைத் தொடவில்லை, எழுத்தைத் தொட்டது.

"அவளா?" என்றார். கிட்டத்தட்டச் சிரித்துவிடுவதுபோல இருந்தது அவர் முகம். திட்டத் தயாரான ஒரு அப்பாவின் முகம்.

ஆமாம் என்று தலையை அசைத்தால் போதும். அவரும் நம்பிவிடுவார்.

"இல்ல. நான்," என்றான் நோலன். "அவ குளிருதுன்னு சொன்னா."

வெர்னின் முகத்திலிருந்து சிரிப்பு போக வெகுநேரமானது. இடம் மாறி வந்துவிட்ட ஒன்றைப்போல அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது. பிறகு அவர் நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பி ஒரே இழுப்பில் உரித்தார். பிளைவுட்டின் மெல்லிய சிராய் ஒன்றும் அதோடு சேர்ந்து வந்தது. ஓட்டை வழியாகக் கீழே புல் அசைவது தெரிந்தது. குளிர்ந்த காற்று இருவர் முகத்திலும் பட்டது.

டேப்பை அவர் எறியவில்லை. வலது கைக்குள் கசக்கி மூடி, அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். இடது கையை ஊன்றி எழுந்து, அதே கையால் சீட்டைப் பிடித்தார்.

"இறக்கு," என்றார்.

நோலன் கைப்பிடியைப் பிடித்துப் பின்னோக்கி இறக்கினான். பலகையில் சக்கரம் கடகடத்தது. லோரி தட்டுகளைக் காரில் வைத்துவிட்டு வந்து நின்றாள். அப்பாவின் முழங்காலில் இருந்த தூசியைப் பார்த்தாள்.

"அளந்துட்டீங்களா?"

"ம்," என்றார் வெர்ன். "அளவு சரியாத்தான் இருந்துச்சு."

அவள் நோலனைப் பார்த்தாள். அவன் பைக்கின் கைப்பிடியில் பிரினின் கையுறைகளை மாட்டிக்கொண்டிருந்தான்.

தேவாலயத்தில் துக்கம் கேட்க வந்தவர்களின் வரிசை வாசல்வரை நீண்டது. வெர்னும் நோலனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கை நீட்டியவர்களுக்கெல்லாம் வெர்ன் இடது கையைத்தான் கொடுத்தார்.